அறுபதுக்கு மேல் ஆன்லைன் வகுப்பு: பார்த்தால் மட்டும் போதுமா?

"இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போறீங்க?"

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டதுண்டா? விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால், கேட்கப்பட்டவர் அன்றிலிருந்து செல்போனை மாடி ரூமுக்குக் கொண்டுபோய், ஏதோ தப்புச் செய்கிறவர் மாதிரி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வகுப்பைக் கேட்பார். அல்லது, 'நமக்கு எதுக்கு இதெல்லாம்' என்று அடியோடு விட்டுவிடுவார். இந்த இரண்டாவது ரகம்தான் அதிகம்.

தென்னூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற பெரியவர்களில் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் உண்டு. ரிட்டயர்டு டீச்சர்களுக்குக் கணக்கே இல்லை. முழங்கால் வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போகும்போதுதான் மெதுவாக ஆரம்பிப்பார்கள்: "மறதி கொஞ்சம் அதிகமா இருக்கு சார். அதுக்கும் ஏதாவது லேகியம் குடுத்துடுங்களேன்."

"பகல்ல என்ன பண்றீங்க?" என்று கேட்பேன்.

"பேப்பர் படிப்பேன். டி.வி. பார்ப்பேன். சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் தூங்குவேன். அப்புறம் மறுபடி டி.வி.தான்!"

வல்லாரை நல்ல மூலிகைதான். வாரத்தில் இரண்டு நாள் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துவையலைச் சாப்பிட்டுவிட்டு நாள் பூராவும் ஈஸிசேரில் சாய்ந்து கிடந்தால் பாவம், வல்லாரை என்ன செய்யும்?

சித்த மருத்துவ நூல்கள் மனிதனின் ஆயுளை மூன்று பங்காகப் பிரித்து, முதல் பங்கை வாதத்துக்கும் நடுப்பங்கை பித்தத்துக்கும் கடைசிப் பங்கை ஐயத்துக்கும் கொடுக்கின்றன. ஐயம் என்றால் கபம். அதன் குணம் கனம், மந்தம், குளிர்ச்சி, தூக்கம். வயதான காலத்தில் இயல்பாகவே இந்த மந்தம் ஏறும். அதனால்தான் நம் முன்னோர் பகல் தூக்கத்தை அவ்வளவு கண்டித்திருக்கிறார்கள். உடம்பு மந்தத்துக்கு நடை மருந்து. மனசின் மந்தத்துக்கு? புதிதாக ஒன்றைக் கற்பது என்பேன் நான்.

இது சித்த வைத்தியர் மட்டும் சொல்கிற சங்கதி இல்லை. 2014-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் டெனிஸ் பார்க் என்ற மனோதத்துவப் பேராசிரியை, தன் குழுவினரோடு செய்த ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். அறுபது முதல் தொண்ணூறு வயது வரையிலான இருநூற்றுச் சொச்சம் பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கவும், அதைக் கம்ப்யூட்டரில் திருத்தவும் கற்றுக் கொடுத்தார்கள். சிலருக்குத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் கலை. இன்னொரு குழுவுக்குப் பாடமே கிடையாது. ஒன்றாகக் கூடி அரட்டை, உல்லாசப் பயணம். மற்றொரு குழு வீட்டிலேயே இருந்து பாட்டு கேட்டது, சொல் விளையாட்டு ஆடியது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், மூன்று மாதம்.

முடிவு என்ன தெரியுமா? புதிதாகக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் ஞாபகசக்தி கூடியிருந்தது. கேமரா பிடித்தவர்கள் முன்னால் நின்றார்கள். கூடி அரட்டை அடித்தவர்களுக்கும், பாட்டு கேட்டவர்களுக்கும் அந்த அளவு பலன் இல்லை.

இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஆன்லைன் வகுப்பு என்ற பெயரில் பலர் செய்வது அந்தப் பாட்டு கேட்கிற வேலைதான்! யூடியூபில் ஒருவர் பேசுகிறார், நாம் தலையாட்டுகிறோம். அது முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. அதற்கும் தலையாட்டுகிறோம். டி.வி. சின்னதாகிக் கைக்குள் வந்துவிட்டது, அவ்வளவே. நோட்டும் பேனாவும் பக்கத்தில் இல்லாத வகுப்பை நான் வகுப்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை.

பெரியவர்களுக்கென்று தனிப் படிப்பு என்பது உலகத்தில் புதிதல்ல. 1973-ல் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஓய்வு பெற்றவர்களுக்கான வகுப்புகள். அது பல நாடுகளுக்கும் பரவியது. நம் பக்கத்தில், 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததை திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கிராமத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கேரளாவில் ஆலப்புழையைச் சேர்ந்த கார்த்யாயினி அம்மா 2018-ல், தன் 96-வது வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். அடுத்து அவர் ஆசைப்பட்டது என்ன? கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமாம்! அந்த மாநிலக் கல்வி மந்திரி ஒரு லேப்டாப்பையே கொண்டுவந்து கொடுத்தார்.

சரி, நம் வீட்டுப் பெரியவர் எதில் சேரலாம்?

தமிழில் ஆர்வம் இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தமிழக அரசு தொடங்கியது. மழலைக் கல்வியில் ஆரம்பித்துப் பட்டப்படிப்பு வரை இணையத்திலேயே பாடங்கள். அதன் மின்நூலகத்தில் சங்க இலக்கியம், உரைகள், அகராதிகள் எல்லாம் காசில்லாமல் படிக்கலாம். விஞ்ஞானம், கணக்கு, சரித்திரம் என்று போக நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் 'ஸ்வயம்' உண்டு. 2017-ல் வந்தது. ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களும் அதில்தான். சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம். வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டு, அதற்குக் கெடு தேதி உண்டு. அந்தக் கெடு தேதியைத்தான் நான் மருந்து என்கிறேன்! வேலைக்குப் போன காலத்துக்குப் பிறகு, 'புதன்கிழமைக்குள் முடிக்க வேண்டும்' என்று ஒரு காரியம் அவருக்கு மறுபடி வருகிறது பாருங்கள்.

இன்னொரு வகை, நம் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பாசுரம் கற்றுக்கொள்கிற 'சந்தை' வகுப்பு. காய்கறிச் சந்தை இல்லை! ஆசிரியர் ஒரு தரம் சொல்ல, சிஷ்யர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிக் கற்கிற முறை. 2020 லாக்டவுனில் இது போன்ற பல வகுப்புகள் செல்போனுக்கு வந்தன. பம்பாய் மாமியும் நியூஜெர்ஸி மாமாவும் உத்திர வீதிப் பாட்டியும் ஒரே வகுப்பில்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜூமில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். பத்துப் பேர் ஒன்றாகச் சொன்னால் சந்தை நிஜமாகவே காய்கறிச் சந்தையாகிவிடும். அதனால் எல்லாரையும் 'மியூட்' செய்துவிட்டு ஆசிரியர் மட்டும் சொல்வார். வீட்டில் பாட்டி வாய்விட்டுச் சொல்வார், ஆனால் தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இல்லை. நல்ல ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தினம் நாலு பேரையாவது ஒவ்வொருவராகத் திறந்துவிட்டுச் சொல்ல வைக்கிறார்கள். 'இன்னிக்கு என் முறை வந்தாலும் வரும்' என்ற அந்த லேசான பயம் இருக்கிறதே, அது பாட்டியை முதல் நாள் ராத்திரியே பாடத்தைப் புரட்ட வைக்கும். வகுப்பில் சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "ஒவ்வொருத்தரையும் தனியா சொல்லச் சொல்லுவீங்களா? வீட்டுப்பாடம் உண்டா?" இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஆன்லைனில் கற்றுவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை கல்லூரியில் நாங்கள் நாடி படித்தது பேராசிரியரின் விரல் பக்கத்திலேயே எங்கள் விரலையும் வைத்துத்தான். 'ஆறே வாரத்தில் நாடி பார்க்கலாம்', 'வீட்டிலிருந்தே சித்த வைத்தியர் ஆகலாம்' என்று செல்போனில் விளம்பரம் வந்தால் தயவுசெய்து பணத்தைக் கட்டாதீர்கள். அதைக் கற்று அக்கம்பக்கத்தாருக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புவது அதைவிட ஆபத்து.

இனி உடம்பு விஷயம். செல்போனை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கவே கூடாது, கழுத்து போய்விடும். கண் மட்டத்தில் நிறுத்தி வையுங்கள். முடிந்தால் வீட்டு டி.வி.யில் இணைத்துக் கொடுங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துபோகும். அதனால்தான் எரிச்சல், நீர் வடிதல் எல்லாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்வையை ஓட்டினால் கண்ணுக்கு ஓய்வு.

காது இன்னும் முக்கியம். "பாடம் மனசுல நிக்கலை" என்று சொல்கிற எத்தனையோ பேருக்கு மனசில் கோளாறில்லை, பாடம் காதிலேயே சரியாக விழவில்லை. 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோய் வருவதற்கான மாற்றக்கூடிய காரணங்களாக பதினான்கைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. பட்டியலில் குறைந்த படிப்பும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது, கேட்கும் திறன் குறைவதும் இருக்கிறது. எனவே வகுப்பில் சேர்க்கும் முன் காது டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். மறதி வேகமாக அதிகரித்தாலோ, தெரிந்த தெருவிலேயே வழி தவறினாலோ வகுப்பும் போதாது, லேகியமும் போதாது. பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சோதித்து, நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் என்று பதினான்கு உண்டு. சிறுநீர், மலம், பசி, தாகம், கொட்டாவி, தூக்கம் எல்லாம் அதில் வரும். இந்த ஆன்லைன் வகுப்பில் நம் பெரியவர்கள் அத்தனையையும் அடக்குகிறார்கள்! "வாத்தியார் பேசிக்கிட்டு இருக்கும்போது எழுந்து போனா மரியாதையா இருக்குமா சார்?" என்று என்னிடமே கேட்டார் எழுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட பயம் இன்னும் போகவில்லை. எழுந்து போங்கள், தப்பே இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் வகுப்புக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும். நேரம் என்று பார்த்தால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் உத்தமம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம், வகுப்பு தாலாட்டாகிவிடும். அமெரிக்காக்காரர்களுக்குத் தோதாக ராத்திரி ஒன்பதரைக்கு வைக்கிற வகுப்பும் வேண்டாம், தூக்கம் கெட்டால் படித்ததும் நிற்காது.

பணம் விஷயத்திலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வகுப்புக்கென்று செல்போன் பழகிய பெரியவர்களைத் தேடி ஏமாற்றுக்காரர்களும் வருகிறார்கள். 'போலீஸ் பேசுகிறேன், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம்' என்றால் போனை வைத்துவிட வேண்டியதுதான். சட்டத்தில் அப்படி ஓர் அரெஸ்ட்டே கிடையாது. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். முதியோருக்கு வேறு உதவி, ஆலோசனை தேவைப்பட்டால் 14567 இருக்கிறது. வகுப்புக் கட்டணத்தை மகனோ மருமகளோ கட்டிவிடுவது நல்லது. வருஷச் சந்தாவை ஒரே தடவையில் கட்டச் சொல்கிற இடங்களில் ஒரு மாதம் படித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு ஜூம் சொல்லிக் கொடுக்கும்போது போனை அவர் கையிலிருந்து பிடுங்கி, நாலு இடத்தில் தட்டிவிட்டு, "இவ்ளோதாம்ப்பா!" என்று திருப்பிக் கொடுக்கிறீர்களே, அது சொல்லிக் கொடுப்பதே இல்லை. போன் அவர் கையிலேயே இருக்கட்டும். விரல் அவருடையதாக இருக்கட்டும், வாய் மட்டும் உங்களுடையது. எந்தப் படத்தை முதலில் தொட வேண்டும், எங்கே 'மியூட்' என்பதை வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தாக அவரையே எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் பக்கத்தில் இருங்கள். அப்புறம் எழுந்து போய்விடுங்கள், அவரே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்கட்டும்.

ராத்திரி சாப்பிடும்போது பேரப்பிள்ளையை விட்டு, "தாத்தா, இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கற்றதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதுதான் அது மனசில் பதியும். முதலில் கொஞ்ச நாள் தடுமாறுவார், நோட்டை எடுத்து வரப் போவார். போகட்டும், சாப்பாடு ஆறினால் பரவாயில்லை.