சிவப்பு மழையின் முகவரி

கேரளத்தில் பெய்த 'ரத்த' மழைக்கு முதலில் விண்கல் காரணம் சொல்லப்பட்டது. பிறகு வால்நட்சத்திரம். விடை கிடைத்ததோ தெருவிளக்குக் கம்பத்தில்.

2001 ஜூலை 25. கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் பெய்த மழை சிவப்பாக இருந்தது. கொடியில் காய்ந்த துணிகளில் கறை படிந்தது. அதற்குச் சற்று முன் பெரும் இடிச்சத்தம் கேட்டதாகவும், ஒளிக்கீற்று ஒன்று தெரிந்ததாகவும் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். செப்டம்பர் பிற்பகுதி வரை மாநிலத்தின் பல இடங்களில் விட்டுவிட்டுப் பெய்தது இந்த மழை.

ரத்த மழை என்றால் தெய்வ கோபம் என்பது பழைய நம்பிக்கை. ஹோமரின் 'இலியட்' காவியத்திலேயே அது உண்டு. ஆனால் முதலில் சறுக்கியவர்கள் விஞ்ஞானிகள்தாம். விண்கல் வெடித்துச் சிதறிய தூசி என்றது திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையம். சில நாட்களிலேயே அதை வாபஸ் பெற்றது. உயரத்தில் சிதறும் தூசி காற்றில் பரவிவிடும். மீண்டும் மீண்டும் ஒரே வட்டாரத்தில் விழாது. நுண்ணோக்கியில் தெரிந்ததும் தூசி அல்ல, ஸ்போர் எனப்படும் நுண்வித்துகள். ஒரு மில்லி லிட்டர் நீரில் சுமார் 90 லட்சம்!

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அவற்றை வளர்த்துப் பார்த்தது. முளைத்தது பாசி. சங்கனாச்சேரிக்குப் போய்ப் பார்த்தால், மரம், பாறை, விளக்குக் கம்பம் எங்கும் லைக்கன் படை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. அதில் குடியிருக்கும் ட்ரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகளே மழையைச் சிவப்பாக்கின என்றது 2001 நவம்பரில் இரு நிறுவனங்களும் தந்த அறிக்கை.

சர்ச்சை ஓயவில்லை. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் காட்ஃப்ரே லூயிசும் சந்தோஷ் குமாரும், இவை வால்நட்சத்திரத்தில் வந்த உயிர்செல்களாக இருக்கலாம் என்று 2006இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். செல்களில் டி.என்.ஏ. தென்படவில்லை என்பது அவர்களின் முக்கிய வாதம். பூமியில் உயிர் தோன்றவில்லை, வானிலிருந்து வந்து சேர்ந்தது என்று பிரெட் ஹாயிலும் இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் நெடுநாளாகச் சொல்லிவந்த கொள்கைக்கு இது சாட்சியாகுமா என்று உலகப் பத்திரிகைகள் பரபரத்தன.

2013இல் வெளியான ஆய்வு ஒன்று அந்த செல்களில் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டியது. கேரளப் பாசியின் மரபணுவை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வும் ட்ரென்டிபோலியாவையே சுட்டியது.

சிவப்பு மழை வானிலிருந்தே வந்திருந்தாலும் மூலக் கேள்வி தீர்ந்திருக்காது. அங்கே உயிர் எப்படித் தோன்றியது? கேள்வியின் முகவரிதான் மாறியிருக்கும். 1953இல் அமெரிக்காவின் ஸ்டான்லி மில்லர், சில வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை உண்டாக்கினார். அமினோ அமிலம் உயிரின் செங்கல், வீடு அல்ல. அந்த வீட்டை இதுவரை யாரும் சோதனைக்கூடத்தில் கட்டவில்லை.

அந்த இடைவெளியில் பக்தர் கடவுளைக் காணலாம். அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ சோதனைக்குழாயால் முடியாது. ஆனால் இடைவெளியே அற்புதத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது. இத்தனை வித்துகள் மேகத்துக்கு எப்படி ஏறின என்பதை 2001 அறிக்கையும் விளக்கவில்லை. அதற்காக அவை வேற்றுலகத்திலிருந்து வந்தவை ஆகிவிடவில்லை. வளர்த்துப் பார்த்தார்கள், பாசிதான் முளைத்தது.