உப்பங்கழி – 11: எண்ணெய் இறங்கிய சேறு

காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லை. ஆனால் 2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் ஓர் எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டனவே, அந்த எண்ணெய்க் கப்பலின் பெயர் டான் காஞ்சிபுரம். கசிவே இல்லை என்றார்கள் முதலில். பிறகு 196 டன் என்று கணக்கு வந்தது. எர்ணாவூரில் பாறை இடுக்கில் நின்று இளைஞர்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். தெற்கே நகர்ந்த எண்ணெய், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த கோவளம் வரை எட்டியது.

அங்காவது திறந்த கரை. அலை அடித்துக் கழுவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. அலையாத்தி மரங்களின் அடியில் கறுப்புப் பட்டை விழுந்தது. கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப்போய் நின்றன.

அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் அன்றே சாகாது. மாதக்கணக்கில் இலை உதிர்த்துத் தேயும். உமரிச் செடி மேலே கருகினாலும், வேர் பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும். பச்சையைப் பார்த்துவிட்டு ‘சதுப்பு மீண்டுவிட்டது’ என்று எழுதிவிடுகிறோம். கீழே நிலைமை வேறு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் சேற்றிலேயே உண்டு, ஆனால் அவை வேகமாக வேலை செய்யக் காற்று வேண்டும். மேலடுக்கைத் தாண்டினால் சேற்றில் காற்று கிடையாது. அதை உள்ளே கொண்டுபோவதில் பெரிய பங்கு நண்டு வளைகளுக்கு.

1969-இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத் அருகே ஒரு எண்ணெய்ப் படகு தரைதட்டியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே சேற்றுக்குள் எண்ணெய் இருந்தது. நண்டுகள் அந்த அடுக்கு வரை தோண்டி, அதற்குக் கீழே போகாமல் வளையைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தன.

அவசரப்பட்டுச் சுத்தம் செய்வதும் ஆபத்து. 1978-இல் அமோகோ காடிஸ் கப்பல் பிரான்சின் பிரிட்டானி கரையில் உடைந்தபோது, சில சதுப்புகளில் இயந்திரங்களை இறக்கி எண்ணெயை மேல்மண்ணோடு வழித்தெடுத்தார்கள். தொடாமல் விட்ட சதுப்புதான் முதலில் மீண்டது. ஆள் இறங்கி மிதித்தாலும் மேலே கிடக்கும் எண்ணெய் உள்ளே போய்விடும். நீர்ப்பரப்பில் மிதப்பதை எடுக்கவேண்டியது உடனே. சேற்றில் படிந்ததை யோசித்துத்தான் தொடவேண்டும்.

எண்ணூருக்கு அப்படி விட்டுவைக்கும் வாய்ப்பும் குறைவு. அனல்மின் நிலையச் சாம்பலும் அதே கழியில்தான் படிகிறது. வழித்தெடுத்த எண்ணெயின் அளவு அறிக்கைகளில் வரும். கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டியது சேற்றுக்குள் தங்கியது எவ்வளவு என்பது. ஆண்டுதோறும், ஒரே இடங்களில், ஒரு முழ ஆழம் வரை சேற்றை எடுத்துச் சோதித்து, முடிவை அந்தக் குப்பங்களிலேயே தமிழில் ஒட்டவேண்டும்.