பாடப் போன பிள்ளைகள் என்னவெல்லாம் செய்தார்கள், தெரியுமா?

ஒரு கச்சேரிப் பயணம் எவ்வளவு காலம் நீளும்? ஒரு மாதம்? மிஞ்சினால் மூன்று மாதம்? 1939-இல் ஆஸ்திரேலியாவுக்குப் பாடப் போன வியன்னாச் சிறுவர்கள் பலருக்கு அந்தப் பயணம் ஆயுள் முழுக்க முடியவே இல்லை, தெரியுமா?

'வியன்னா மோட்சார்ட் சிறுவர் குழு' என்று பெயர். கேயார்க் குரூபர் என்பவர் அழைத்துக்கொண்டு போனார். ஊர் ஊராகப் பாடி முடித்துத் திரும்பப் போகிற நேரத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது! வியன்னா அப்போது ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்துவிட்ட நகரம். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பிள்ளைகள் ஒரே நாளில் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். எங்கே போவார்கள்? மெல்பர்ன் பேராயர் டேனியல் மேனிக்ஸ் ஒரு வழி சொன்னார். பிள்ளைகள் தூய பேட்ரிக் பேராலயத்தில் பாடட்டும், அவர்களுடைய படிப்புக்கும் பராமரிப்புக்கும் நான் பொறுப்பு என்றார். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பையனைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார்கள். குரூபரை 1941-இல் அரசு காவலில் வைத்தது, போருக்குப் பின் நாடு கடத்தியது. பையன்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டெஃபான் ஹாக் பின்னாளில் ஆஸ்திரேலிய ஆப்பரா மேடையின் முக்கிய இயக்குநர்களில் ஒருவரானார்! அந்தப் பேராலயத்தின் இன்றைய பாடகர் குழு தன் தொடக்கத்தை இந்தச் சிறுவர்களிடமிருந்துதான் எண்ணுகிறது.

இதை, மாலுமிச் சட்டை போட்டுப் பாடும் உலகப் புகழ்பெற்ற 'வியன்னா சிறுவர் பாடகர் குழு'வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு, மிகப் பழையது. 1498-இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தன் அரசவை ஆலயத்துக்காகத் தொடங்கிவைத்த மரபு. 1808-இல் அங்கே பாடச் சேர்ந்த ஒரு பையனின் பெயர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்! நானூறு ஆண்டுக்கும் மேலாக அவர்கள் பாடியது அரசவைக்கு மட்டும்தான். பிறகு ஏன் உலகம் சுற்றக் கிளம்பினார்கள்? 1918-இல் மன்னராட்சி போய்விட்டது. சம்பளம் கொடுக்க அரண்மனை இல்லை. 1924-இல் யோசெஃப் ஷ்னிட் என்ற பாதிரியார் குழுவை மறுபடி கூட்டினார், கைப்பணம் கரைந்தது, வேறு வழியில்லாமல் 1926-இல் பொதுமக்களுக்குக் கச்சேரி செய்யத் தொடங்கினார்கள். 1932-இல் அமெரிக்கா வரை போயாயிற்று! இன்று சுமார் நூறு பையன்கள். புரூக்னர், ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் என்று நான்கு இசைமேதைகளின் பெயரில் நான்கு குழுக்கள். ஒன்று ஜப்பானில் பாடும்போது இன்னொன்று வியன்னாவில் பாடும். குரல் உடைந்ததும் பையன் விடைபெற வேண்டியதுதான். அதனால் இன்று நாம் கேட்கும் அதே குழுவை நாலைந்து வருடம் கழித்து யாராலும் கேட்க முடியாது.

கஜானா காலியானதால் பாடக் கிளம்பினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணம், இதைவிடப் பல மடங்கு வேகத்தோடு, இன்னொரு நாட்டிலும் வேலை செய்தது. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் வேல்ஸ் நாட்டுக்கு ஓர் எட்டு.

லாங்கோலென் என்று ஒரு சின்ன ஊர், மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில். போர் முடிந்து இரண்டே வருடம். பிரிட்டனில் இன்னும் ரொட்டிக்குக்கூட ரேஷன். அந்த நிலையில், உலக நாடுகளின் பாடகர் குழுக்களையெல்லாம் நம் ஊருக்குக் கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தார்கள்! 1947-இல் முதல் விழா. ஹங்கேரியிலிருந்து கிளம்பிய தொழிலாளர் குழு வழியில் பிரான்ஸ் ரயில்வே வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது. விட்டார்களா? வழியில் போன வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வந்து சேர்ந்தார்கள்! வந்தவர்களுக்கு ஓட்டல் ஏது? ஊர்க்காரர்களின் வீடுகள்தான் விடுதி, அவர்கள் அடுப்படிதான் உணவகம்.

1949-இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. நான்கு வருடத்துக்கு முன்புவரை குண்டு போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகள்! பார்வையாளர்களில் எத்தனை பேர் மகனையும் தம்பியையும் பறிகொடுத்தவர்கள்! மேடைக்குப் பின்னால் அந்த இளைஞர்களுக்கு எப்படி நடுங்கியிருக்கும்? அறிவிப்பாளர் அவர்களை 'நம் நண்பர்கள்' என்று சொல்லி வரவேற்றார், கூடாரம் முழுவதும் கைதட்டியது. போர் முடிந்த ஒப்பந்தங்களைப் பற்றி எத்தனையோ படிக்கிறோம். இந்தக் கைதட்டலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

1955-இல் அதே ஊருக்கு இத்தாலியின் மொதெனாவிலிருந்து ஓர் ஆண்கள் குழு வந்தது. அதில் ரொட்டி சுடும் தொழில் பார்த்த ஓர் அப்பாவும் அவருடைய 19 வயது மகனும் இருந்தார்கள். முதல் பரிசு அவர்களுக்கே! அந்த வெற்றிதான் பாட்டையே தொழிலாக எடுத்துக்கொள்ளும் துணிச்சலைத் தந்தது என்று மகன் பிற்காலத்தில் சொன்னார். மகன் யார் தெரியுமா? லூசியானோ பாவரொட்டி! உலகமே கொண்டாடிய பிறகு, 1995-இல், அந்தச் சின்ன ஊருக்கு மறுபடி வந்து பாடினார்.

சேர்ந்து பாடுவது மனங்களை மட்டுமா சேர்க்கிறது? பாடுகிறவர்களின் இதயத்துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்குகிறது, தெரியுமா? சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 18 வயது மாணவர்களைப் பாடவைத்து அளந்து பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். காரணம் மூச்சு. பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு இழுத்து ஒரே இடத்தில் விடுகிறார்கள். மூச்சு விடும்போது இதயம் கொஞ்சம் நிதானமாகும், இழுக்கும்போது வேகமெடுக்கும். வரிகள் எப்படிப் போகின்றனவோ அப்படி இதயங்களும் போகும். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1963-இல் ஆந்திரேயா வெனெராசியோன் தொடங்கிய மாட்ரிகல் பாடகர்களைப் பார்த்தால் இந்த ஒரே மூச்சு கண்ணுக்கே தெரியும். அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுவார்கள். எதிரே நின்று கையசைக்க நடத்துநரே கிடையாது! இப்படியே நாடு நாடாகப் போய், 1997-இலும் 2007-இலும் ஐரோப்பிய சேர்ந்திசைப் போட்டிகளின் பெரும்பரிசை வென்றார்கள். அதை இரண்டு முறை வென்ற முதல் குழு அவர்கள்தான்!

இனி, விரிவாகச் சொல்கிறேன் என்ற அந்தப் பெரிய கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவருக்காக 1866 ஜனவரியில் ஒரு பள்ளி திறந்தார்கள். கட்டடம்? ராணுவம் விட்டுவிட்டுப் போன ஆஸ்பத்திரிக் கொட்டகைகள். அதுதான் ஃபிஸ்க். நேற்றுவரை எழுத்தறிவே மறுக்கப்பட்டவர்கள் திரண்டு வந்து படித்தார்கள். ஆனால் 1871-க்குள் கடன் கழுத்தை நெரித்தது, இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை. பள்ளிப் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் பாட்டும் சொல்லிக்கொடுப்பவர். ஒன்பது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1871 அக்டோபர் 6 அன்று ரயிலேறினார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். மின்னி டேட் என்ற பெண்ணுக்கு வயது 14!

போன சில நாளிலேயே சிகாகோ நகரம் தீயில் எரிந்தது. அதுவரை கச்சேரியில் அவர்களுக்குக் கிடைத்தது 50 டாலருக்கும் குறைவு. அதை அப்படியே தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்! தங்கள் பள்ளியே மூழ்கிக்கொண்டிருக்கும்போது!

ஓட்டல்கள் இடம் தர மறுத்தன. முதலில் அவர்கள் பாடியதும் வெள்ளையர் மேடைகளில் வழக்கமான பாடல்களைத்தான். தங்கள் தாய் தகப்பன் பருத்திக்காட்டிலும் இரவுப் பிரார்த்தனைகளிலும் பாடிய பாடல்களை வெளியே பாட அவர்களுக்கு மனமில்லை. அவை வலியின் பாடல்கள், புனிதமானவை, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் சரக்கா? எனக்கு இந்தத் தயக்கம் நன்றாகவே புரிகிறது. அன்றைக்கு முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் வெள்ளையர் நாடகங்கள்தான் ஊரெங்கும் கொடிகட்டிப் பறந்தன. அந்தக் கூட்டத்தின் முன்னால் அம்மாவின் பாட்டை எப்படிப் பாடுவது?

அதே ஆண்டு நவம்பரில் ஓபர்லின் என்ற ஊரில் பாதிரிமார்கள் மாநாடு. அங்கே மெல்லிய குரலில் அந்தப் பாடல்களில் ஒன்றை எடுத்தார்கள். சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது! பயணம் திசை மாறியது அங்கேதான். அடிமைகளுக்கு விடுதலை தரும் ஆண்டென்று விவிலியம் சொல்லும் 'ஜூபிலி'யைக் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். 1872-இல் வெள்ளை மாளிகையில் அதிபர் கிராண்ட் முன் பாடினார்கள். 1873-இல் கடல் கடந்து போய் விக்டோரியா மகாராணி முன்! பின்னாளில் ஜெர்மனி, ஹாலந்து என்று போய்க்கொண்டே இருந்தார்கள். முதல் பயணங்களில் வந்த பணத்தில் நிலம் வாங்கி, ஆறு மாடிகளோடு ஜூபிலி மண்டபம் எழும்பியது. 1876-ஆம் ஆண்டின் முதல் நாள் அதைத் திறந்துவைத்தார்கள். பாடியே கட்டிய கட்டடம்! இன்றும் நிற்கிறது.

கதை இங்கேயே முடிந்திருந்தால்கூட அதிசயம்தான். ஆனால் இது அடுத்த கண்டத்துக்குத் தாவியது!

குழுவில் பின்னால் சேர்ந்த ஃபிரெடரிக் லவுடின் 1884-இல் தன் தலைமையில் ஒரு குழுவோடு உலகம் சுற்றக் கிளம்பினார். ஆறு வருடப் பயணம்! பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, ஜப்பான். ஆக்ராவில் தாஜ் மகாலின் குவிமாடத்துக்குக் கீழே நின்று, அமெரிக்க அடிமைகளின் பாட்டைப் பாடினார்கள், தெரியுமா? அங்கே ஒரு சின்னக் குரல் எழுப்பினாலே எதிரொலி நீண்டுகொண்டே போகும். அந்த எதிரொலியில் அந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும்!

லவுடின் குழுவில் ஆர்ஃபியஸ் மெக்காடூ என்றொருவர், அடிமையாகப் பிறந்து பட்டம் பெற்றவர். அவர் பிரிந்து தனிக்குழு அமைத்து 1890-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இறங்கினார். அங்கிருந்த கறுப்பின மக்களுக்கு அது எப்படிப்பட்ட காட்சியாக இருந்திருக்கும்! தங்களைப் போன்ற தோற்றம், படித்தவர்கள், யாருக்கும் தலைகுனியாமல் மேடையில் நிற்கிறார்கள். கிம்பர்லி நகரில் இருந்த இளம் ஆசிரியை சார்லட் மான்யேவும் தங்கை கேட்டியும் அடுத்த வருடமே 'ஆப்பிரிக்கக் குழு' என்ற புதிய பாடகர் குழுவில் சேர்ந்து லண்டனுக்குக் கப்பலேறினார்கள்! 1891 ஜூலையில் அவர்களும் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். கச்சேரியின் ஒரு பாதியில் ஆப்பிரிக்க உடையில் தங்கள் மொழிப் பாடல்கள், மறு பாதியில் ஐரோப்பிய உடையில் ஆங்கிலப் பாடல்கள். அப்போது லண்டனில் எடுத்த அவர்களுடைய புகைப்படக் கண்ணாடித் தகடுகள் நூறு வருடத்துக்கும் மேல் ஓர் ஆவணக் காப்பகத்தில் தூங்கி, 2014-இல் லண்டனில் பெரிய படங்களாகக் காட்சிக்கு வந்தன. ஒவ்வொரு முகத்திலும் என்ன ஒரு கம்பீரம்!

அடுத்த பயணம் அமெரிக்காவுக்கு. அங்கே போனதும் ஏற்பாட்டாளர்கள் கைவிட, குழு ஒஹையோவில் நடுத்தெருவில் நின்றது. கையில் காசில்லை, ஊருக்குத் திரும்ப வழியில்லை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபை அவர்களில் சிலருக்குக் கைகொடுத்து, வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. சார்லட் படித்த காலத்தில் அங்கே ஓர் இளம் பேராசிரியர் இருந்தார். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ்! அவர் எங்கே படித்தவர் தெரியுமா? ஃபிஸ்கில்! பாடியே கட்டிய அதே கல்லூரியில்! அந்தப் பாடல்களைப் பற்றித் தன் புகழ்பெற்ற புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை அவர் 1903-இல் எழுதினார்.

சார்லட் அங்கிருந்து தங்கைக்குக் கடிதம் எழுதினார், திருச்சபையின் பெயர் அச்சிட்ட தாளில். தங்கை அதை மங்கேனா மொகோனே என்ற போதகரிடம் காட்டினார். வெள்ளையர் சபையின் பாகுபாடு பொறுக்காமல் தனிச் சபை தொடங்கியிருந்தவர் அவர். கறுப்பினத்தவரே நடத்தும் சபை ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறதா? உடனே அமெரிக்காவுக்கு எழுதினார். 1896-இல் இரண்டு சபைகளும் இணைந்தன! ஒரு பாடகி தங்கைக்குப் போட்ட கடிதம் இரண்டு கண்டங்களை இணைத்துவிட்டது.

பாடப் போய்ப் பாதி வழியில் கைவிடப்பட்ட அந்தப் பெண், இளநிலை அறிவியல் பட்டம் பெற்ற முதல் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்ணாகத் தாய்நாடு திரும்பினார். பள்ளி நடத்தினார். கறுப்பினப் பெண்களும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துப் போராடினார். 1918-இல் பாண்டு பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஜோகன்னஸ்பர்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட ஒரு பிரம்மாண்ட அரசு மருத்துவமனை இருக்கிறது, அதன் வாசலில் இன்று எழுதியிருப்பது அவர் பெயர்தான், திருமணத்துக்குப் பின் வந்த பெயரோடு: சார்லட் மக்செக்கே!