குருதி காட்டும் சிறுநீரக நிலை

குருதியை வடித்தலே சிறுநீரகங்களின் தலையாய தொழிலாகும். நலமுள்ள இளைஞரொருவரின் சிறுநீரகங்கள் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் திரவத்தைக் குருதியினின்றும் வடிக்கின்றன. இதனை நேரே அளத்தல் எளிதன்று. ஆதலின், தசைகளில் தோன்றிச் சிறுநீருடன் வெளியேறும் கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருள் குருதியில் எவ்வளவு தேங்கியுள்ளதென நோக்கி, மருத்துவர் அதனை உய்த்துணர்வர்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வடிப்புப் பாதியாகக் குறையின் கிரியேற்றினின் ஏறத்தாழ இருமடங்காகும். மெலிந்த ஆடவரொருவரின் 100 மில்லிலீற்றர் குருதியில் 0.6 மில்லிகிராமாக இருந்த அளவு, தசை மாறாதிருக்க, 1.2 ஆக உயர்ந்து நிலைபெறின், அவர்தம் வடிப்பில் ஏறக்குறையப் பாதி குன்றிவிட்டது. எனினும் 1.2 என்பது பல ஆய்வுகூடங்களில் ஆடவர்க்குரிய சாதாரண அளவாகவே குறிக்கப்படும். இம்மயக்கத்தைக் குறைத்தற்கே வயது, பால் என்பவற்றையும் சேர்த்துக் கணிக்கும் சூத்திரங்கள் வகுக்கப்பட்டன. தசையளவைப் பெரிதுஞ் சாராத சிஸ்டற்றின் சி என்னும் புரதத்தையும் உடனளப்பின் கணிப்பு மேலும் செப்பமுறும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்டு, உழவரை இன்றும் வாட்டும் சிறுநீரக நோய் தொடக்கத்தில் நோவெதுவும் தருவதில்லை. இத்தகைய நோயில், ஒருமுறை பெற்ற எண்ணைக் கண்டு அமைதியுறாது, முந்திய எண்களோடு ஒப்புநோக்குதலே அறிவுடைமையாம்.