ஊசி போட்ட கண்ணும் மூன்றாம் நாளும்

ஒரு காலத்தில் கண் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் புரைதான். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் முகாம் போட்டு, பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே அறுவை செய்த காலம் உண்டு. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். போகப் போக, முகாமில் பரிசோதனை மட்டும், அறுவைக்கு ஆட்களைப் பஸ்ஸில் மதுரைக்கே அழைத்துப் போவது என்று ஆனது. கண்ணில் சீழ் பிடிப்பது குறைய அது பெரிய காரணம். அன்று இன்னொரு காவலும் இருந்தது. அறுவை முடிந்தவர் பல நாள் வார்டிலேயே கிடப்பார். நர்ஸம்மா தினமும் கட்டைப் பிரித்துக் கண்ணைப் பார்ப்பார்.

இன்று வ. புதுப்பட்டியிலிருந்து கிருஷ்ணன்கோவில் போய் கண் வைத்தியத்துக்கு மதுரை பஸ் ஏறுகிறவர்களில் சர்க்கரைக்காரர்களும் உண்டு. சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்டால் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து, கிருமியைக் கொல்ல 5 சதவீத போவிடோன் அயோடின், இமையை விலக்கிப் பிடிக்க ஒரு கம்பி. கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் ஊசி இறங்கும். உள்ளே போகும் மருந்து பெரும்பாலும் 0.05 மில்லிதான். "பேசாம படுங்கம்மா" என்பார்கள். அதட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வாயிலிருந்து தெறிக்கும் எச்சிலில் உள்ள கிருமி கண்ணுக்கு அவ்வளவு கெடுதல்.

மருந்திலும் கவனம் வேண்டும். குடல் புற்றுநோய்க்கு வந்த அவாஸ்டினை 2005 முதல் கண்ணுக்கும் போடுகிறார்கள். ஒரு குப்பியைப் பல ஊசிகளுக்குப் பிரிப்பதால் விலை குறைவு. பிரிக்கும்போது கிருமி புகுந்தால் பல கண்களுக்கு ஆபத்து. அகமதாபாத்தில் ஊசி போட்டுக்கொண்ட பலருக்குக் கண் பாதித்ததை அடுத்து, 2016 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைக் கண்ணுக்குப் போடுவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. மார்ச்சில் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் மருந்து அவாஸ்டின். தடுத்திருந்தால் பார்வை இழந்தவர்கள் இன்னும் அதிகமாயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஊசிக்கு ஒரு கண்ணில்தான் தொற்று வருகிறது. பயந்து ஊசியை நிறுத்தக் கூடாது. ஆனால் ஊசி போட்ட அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, கட்டைப் பிரித்துப் பார்த்த அந்த நர்ஸம்மாவின் வேலை இன்று மகளுக்கும் மருமகளுக்கும் வந்திருக்கிறது. பல சமயம் இதை யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்வதில்லை. முதல் நாள் உறுத்தலும், ஊசி பட்ட இடத்தில் சிறு ரத்தச் சிவப்பும் வருவது வழக்கம். இரண்டு, மூன்று நாள் கழித்து வலி கூடினால், சிவப்பு ஏறினால், பார்வை மங்கினால் அது தொற்றாக இருக்கலாம். சில சமயம் வலியே இல்லாமல் மங்கல் மட்டும் வரும். அப்போது தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள், மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்காதீர்கள். கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தினால்தான் அந்தத் தொற்று அடங்கும். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டாலும் பார்வை போகலாம்.

மருத்துவமனைச் சீட்டிலுள்ள போன் நம்பரை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ராத்திரியானாலும் கூப்பிடுங்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.