உலோகமும் பிளாஸ்டிக்கும் கைகோக்கும் வாகனங்கள்

2001ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று, பின்னாளில் தேஜஸ் எனப் பெயர்பெற்ற இலகுரகப் போர் விமானம் பெங்களூருவில் முதன்முறையாகப் பறந்தது. அதே ஆண்டில் அந்நகரின் ரேவா மின்சாரக் காரும் விற்பனைக்கு வந்தது. ஒன்று வானுக்குரியது, மற்றொன்று சாலைக்குரியது. ஆயினும் இரண்டிலும் பொறியாளர்கள் எதிர்கொண்ட சவால் ஒன்றே: உலோகத்தையும் உலோகமல்லாத பொருளையும் உறுதியாக இணைப்பது எப்படி?

ரேவா ஈய-அமில பேட்டரிகளால் இயங்கியது. அவற்றின் எடை மிகுதி. ஆகவே உடற்பகுதியின் எடையைக் குறைப்பது இன்றியமையாததாயிற்று. எஃகுக் குழாய்களாலான சட்டகத்தின்மேல் பிளாஸ்டிக் பலகங்கள் பொருத்தப்பட்டன. தேஜஸ் விமானக் கட்டமைப்பின் எடையிலோ ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழைக் கூட்டுப்பொருளே.

எஃகுடன் எஃகைப் பற்றவைப்பது எளிது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். எஃகு உருகுவதற்கோ சுமார் 1,500 டிகிரி தேவை. இரண்டையும் உருக்கிச் சேர்த்தால், இடையே எளிதில் நொறுங்கும் படலம் உருவாகிறது. வெயிலும் சோதனை வைக்கிறது. வெப்பநிலை 50 டிகிரி உயர்ந்தால், ஒரு மீட்டர் நீள எஃகு சுமார் 0.6 மில்லிமீட்டர் விரியும். அலுமினியம் ஏறத்தாழ அதன் இருமடங்கு விரியும். பிளாஸ்டிக் இன்னும் மிகுதியாக விரியும். இவ்வேறுபாட்டுக்கு இணைப்பு இடங்கொடுக்க வேண்டும். இல்லையேல் பாகம் நெளியும் அல்லது விரிசல் விடும்.

அரிப்பு மற்றோர் இடர். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். ஈரப்பதமுள்ள சூழலில் அது அலுமினியத்தைத் தொட்டால், அவ்விணைப்பே ஒரு சிறு பேட்டரியாக மாறி அலுமினியத்தை அரித்துவிடும். எனவே விமானத் துறையில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழைப் படலம் இடப்படுகிறது. டைட்டானியம் ஆணிகள் பயன்படுத்தப்படுகின்றன.

இன்றைய கார்களில் உறுதிமிக்க பசைகளும் ரிவெட்டுகளும் இப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. 1991இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு முறை, உலோகத்தை உருக்காமல், சுழலும் கருவியின் உராய்வால் இளக்கி இணைக்கிறது.

இந்நுட்பங்கள் வாகனம் வாங்குவோரின் பணப்பையையும் தொடுகின்றன. எஃகுத் தகட்டில் ஒடுக்கு விழுந்தால் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம். பிளாஸ்டிக் பலகம் உடைந்தால் பெரும்பாலும் புதிதாகவே மாற்ற வேண்டும். வழக்கமான விரிவான வாகனக் காப்பீட்டில், மாற்றப்படும் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 விழுக்காடும், கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படும். எஞ்சிய சுமை உரிமையாளருடையதே. கூடுதல் பிரீமியம் செலுத்தித் தேய்மானமில்லாக் காப்பீட்டைச் சேர்த்துக்கொண்டால் இச்சுமை பெரிதும் குறையும்.

ஆகவே வாகனக் கடனுக்கு விண்ணப்பிக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். உடற்பகுதி எப்பொருளால் ஆனது? அதனைப் பழுதுபார்க்கும் பணிமனை அருகில் உள்ளதா? காப்பீடு எவ்வளவு ஈடுசெய்யும்? மாதத் தவணையைக் கணக்கிடும்போது இவ்விடைகளையும் சேர்த்துக் கணக்கிடுவதே விவேகமாகும்.