குடும்ப மருத்துவரும் கலங்கி வரும் பெண்ணும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கருவுறுதல் என்றாலே மகிழ்ச்சிச் செய்தி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கைக்குழந்தை பால் மறக்குமுன்பே மீண்டும் கருவுற்றவளுக்கும், கணவனால் கைவிடப்பட்டவளுக்கும், ஏமாற்றப்பட்ட மணமாகாத பெண்ணுக்கும் அது பெருங்கலக்கமே. அவ்வேளையில் அவர்கள் முதலில் தேடிச் செல்வது பெரிய நிபுணரை அன்று. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து தரும் குடும்ப மருத்துவரைத்தான்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெரு அக்கா ஒருவர் நான்காவதாகக் கருவுற்றார். மாமியாரோடு மருத்துவரிடம் சென்று, "தலை சுற்றுகிறது" என்றார். ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, யாரோ ஒரு கிழவி எருக்கங்குச்சி வைத்ததில் சீழ் பிடித்து, அரசு மருத்துவமனையில் பல நாள் கிடந்து பிழைத்தார். "அத்தை மட்டும் வெளியே போயிருந்தால் டாக்டரிடம் சொல்லியிருப்பேன்" என்று பின்னர் என் அம்மாவிடம் அழுதாராம்.

ஆகவே மருத்துவரின் முதல் வேலை, உடன் வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வதுதான். அடுத்தது நாள் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதே மருத்துவ முறை. "நாள் தள்ளி ஒரு மாதம்தான் ஆகிறது" என்று ஒரு பெண் சொன்னால், கணக்கில் அது ஏறக்குறைய எட்டு வாரம்! இது தெரியாமல் காலம் கடத்துவோர் பலர்.

காலம் ஏன் முக்கியம்? நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடல்நலக் கேடு, மனநலக் கேடு, கருத்தடை முறை தவறியது முதலிய காரணங்களுக்காகக் கருக்கலைப்புச் செய்யலாம். 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, வன்முறைக்கு ஆளானோர், சிறுமியர் போன்ற சிலருக்கு மட்டும், இருவர் கருத்து வேண்டும். மணமாகாத பெண்களுக்கும் இவ்வாய்ப்பு உண்டு என 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது. 18 வயது நிரம்பியவளுக்குத் தன் ஒப்புதலே போதும். கணவன் கையெழுத்து வேண்டியதில்லை. (எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே என்பதால் மருந்துச் சீட்டோடு என்னிடம் வரும் பெண்கள், இதை நம்பவே மறுக்கிறார்கள்.) பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

உரிய பயிற்சி இல்லாத குடும்ப மருத்துவர் இதைத் தாமே செய்யலாகாது. அரசு மருத்துவமனைக்கோ, ஒப்புதல் பெற்ற இடத்துக்கோ சீட்டு எழுதி அனுப்பவேண்டும். "கலைத்துவிடு" என்றோ, "பெற்றுக்கொள், எல்லாம் சரியாகிவிடும்" என்றோ அவர் முடிவு சொல்லலாகாது என்பது என் கருத்து. சுமக்கப்போவது அவரல்லவே!

பெற்றுக்கொள்ள முடிவு செய்தவளுக்கு இரத்தசோகைப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு ஆகியவை உடனே வேண்டும். வளர்க்க இயலாதவள் குழந்தைகள் நலக்குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. தமிழகத்தில் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டமும் தொடங்கப்பட்டது. எந்த வழியில் சென்றவளானாலும், இரண்டு வாரம் கழித்து மருத்துவர் அழைத்து, "தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாயா?" என்று கேட்கவேண்டும்.

அந்த அக்கா இப்போது தம் மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.